ஒலிக்கு நிறமுண்டோ?

தமிழ்க் கட்டுரை திருத்துவோர்க்குச் சிவப்பு மை ஒரு படைக்கலம். அதனை யாம் பல்லாண்டுகளாக அஞ்சாது கையாண்டு வந்துள்ளோம். அக்கை ஒருமுறை தவறிய வரலாற்றை இம்மலரிற் கூறுதல் தகுமோ எனத் தயங்கினோம். ஆயினும், பழைய மாணவரும் இந்நாள் மாணவரும் ஆசிரியரும் ஒருங்கே படிக்கும் ஏடு வேறு வாய்ப்பதரிதாகலின் கூறத் துணிந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், ‘எங்கள் ஊர்’ என்னும் பொருள்பற்றிக் கட்டுரை வரையுமாறு வகுப்பிற் பணித்திருந்தோம். மண்டைதீவிலிருந்து பண்ணைத் தாம்போதி வழியே நாடோறும் பேருந்தில் வரும் மாணவன் ஒருவன், விடியற்காலையிற் பிள்ளையார் கோயில் மணி மஞ்சளாக ஒலிக்கும் எனவும், மாதா கோயில் மணி சாம்பல்நீலமாக ஒலிக்கும் எனவும், இரண்டும் ஒருங்கொலிக்கும் நாளிற் கடலின்மேற் பட்டை பட்டையாக நிறம் விழும் எனவும் எழுதியிருந்தான். யாம் மூன்றனையும் அடித்து, ஓரத்திற் ‘பொருந்தா அடை’ எனக் குறித்து, புள்ளியுங் குறைத்தோம். பையன் மறுத்தொன்றும் சொல்லவில்லை. அதன்பின் அவன் எழுதிய கட்டுரைகள் பிழையற்றனவாயும் உயிரற்றனவாயும் இருந்தன. அவற்றிற்கு யாம் நல்ல புள்ளி இட்டோம் என்பதே பெரிய வேடிக்கை.

உண்மை வெளிப்பட்டது ஒரு கலைவிழா ஒத்திகையிலே. தவிலும் நாதசுரமும் முழங்கிக்கொண்டிருக்க, அருகில் நின்ற அவன், “சேர், தவில் உங்களுக்கு என்ன நிறம்?” என வினவினான். பரிகசிக்கின்றானோ என முகத்தை நோக்கினோம். அவன் பரிகசிக்கவில்லை. எல்லார்க்கும் ஒலி நிறத்தோடுதான் வருகின்றது என்றும், நிறந்தான் ஆளுக்காள் வேறுபடும் என்றும் அவன் அதுகாறும் எண்ணியிருந்தான்.

இதனை மேனாட்டார் சினெஸ்தீசியா என்பர். புலன்கலப்பு என யாம் சொல்லலாம். ஒரு புலனுக்குரிய தூண்டல் வேறொரு புலனுணர்வையும் உடன் எழுப்புதலே இது. 1812இல் செருமானிய மருத்துவர் சாக்ஸ் என்பார் தம்மிடத்தே கண்ட இத்தன்மையைத் தம் ஆய்வேட்டிற் பதிந்து வைத்தார். பிரித்தானியாவில் நிகழ்ந்து 2006இல் வெளிவந்த ஆய்வொன்று, ஏதேனும் ஒருவகைப் புலன்கலப்புடையோர் நூற்றுக்கு ஏறத்தாழ 4 பேர் எனக் கண்டது. ஒலிக்கு நிறங்காண்போர் அவருள்ளும் சிலரே. இது நோயன்று, பித்துமன்று, பெரும்பாலும் குடும்பவழி வருவது. ஒருவர் கண்ட நிறத்தை மற்றவர் காண்பதில்லை. உருசிய இசைவாணர் ஸ்கிரியாபினுக்குச் சிவப்பாகத் தோன்றிய சுருதி, அவர் நண்பர் றிம்ஸ்கி கோர்சகோவுக்கு வெள்ளை.

இதனைக் கேட்ட நண்பர் சிலர், “இதெல்லாம் நம் முன்னோர் அறிந்ததுதானே” என உடனே மார்தட்டினர். பதின்மூன்றாம் நூற்றாண்டிற் சார்ங்கதேவர் இயற்றிய சங்கீத ரத்நாகரம் ஏழு சுரங்களுக்கும் நிறங் கூறுகின்றது: சட்சம் தாமரை நிறம், காந்தாரம் பொன்னிறம், மத்திமம் முல்லையின் வெண்மை, பஞ்சமம் கருமை, தைவதம் மஞ்சள் என இவ்வாறு செல்லும். பரத நாட்டிய சாத்திரமோ சுவைகளுக்கு நிறங் கூறும். தமிழிலும் வண்ணம் என்பது நிறத்துக்கும் பெயர், செய்யுளின் ஓசைக்கும் பெயர். தொல்காப்பியச் செய்யுளியல் வல்லிசை வண்ணம், மெல்லிசை வண்ணம், தூங்கல் வண்ணம், உருட்டு வண்ணம் முதலாக இருபது வண்ணங்களை எண்ணுகின்றது. தமிழாசிரியராகிய எமக்கு இவற்றை எடுத்துக் காட்டுதலில் உள்ள ஆசை சிறிதன்று. ஆயினும் இவை புலன்கலப்புக்குச் சான்றாகா என்பதே எம் துணிபு. சார்ங்கதேவர் நிறத்தோடு நில்லாது ஒவ்வொரு சுரத்துக்கும் தெய்வமும் தீவும் குலமும் வகுத்துள்ளார். அஃது எல்லார்க்கும் பொதுவாக நூலோர் அமைத்த முறைமை; ஒருவன் செவியிற் பட்டவுடன் கண்ணிற் தோன்றுவதன்று. தொல்காப்பியர் எண்ணிய வண்ணங்களோ சந்த வேறுபாடுகள். பெயர் ஒன்றாயிருப்பதால் பொருளும் ஒன்றாகிவிடாது. விபுலாநந்த அடிகள் 1947இல் வெளிவந்த யாழ்நூலிற் பண்டை இசையை நிறுவப் புகுந்தபோது எண்ணையும் கணக்கையும் துணைக்கொண்டார். பழமை பேசுவோர்க்கு அக்கட்டுப்பாடு வேண்டும்.

தமிழ்நாட்டிற் பிறந்து கலிபோர்ணியாவிற் பணியாற்றும் நரம்பியலறிஞர் வி. எஸ். இராமச்சந்திரன், ஹபர்ட் என்பாருடன் சேர்ந்து 2001இல் எழுதிய கட்டுரை இத்துறையிற் பெரிதும் பேசப்படுவது. எழுத்தை அறியும் மூளைப்பகுதியும் நிறத்தை அறியும் பகுதியும் அண்டை வீடுகள் போல் அடுத்தடுத்து உள்ளன. இடையே வழமைக்கு மிஞ்சிய தொடர்பு இருப்பின், எழுத்தைக் கண்டவுடன் நிறமும் விழித்தெழும் என்பது அவர் கருத்து. ஐந்து என்னும் இலக்கம் நிறைந்த தாளில் இரண்டு என்னும் இலக்கங்களை முக்கோணமாக மறைத்து வைத்தால், இத்தன்மையோர் பிறரினும் விரைந்து அதனைக் கண்டுபிடிப்பர். நடிப்பவரால் இஃதியலாது. கூரிய உருவையும் வளைந்த உருவையும் காட்டி, ‘கீக்கீ’ எது, ‘பூபா’ எது என வினவியபோது, பெரும்பாலோர் கூரியதையே ‘கீக்கீ’ என்றனர். அமெரிக்க மாணவரும் இந்தியாவிலுள்ள தமிழ் பேசுவோரும் இதில் வேறுபடவில்லை. (வல்லினம் மெல்லினம் என்னும் பாகுபாட்டை இங்கே இழுத்துவரும் அன்பர்கள் சற்றுப் பொறுக்க, ககரமும் பகரமும் இரண்டும் வல்லினமே.)

யாமும் ஒரு சிறு சோதனை செய்தோம். தீபாவளிக்கு முன் உயிரெழுத்துப் பன்னிரண்டுக்கும் அவன் கூறிய நிறங்களை எழுதி மேசைக்குட் பூட்டிவைத்தோம். தைப்பொங்கல் கழிந்தபின் முன்னறிவிப்பின்றி மீண்டும் கேட்டோம். பன்னிரண்டும் ஒத்தன. வகுப்பிற் சிறந்த கவிஞனான இன்னொருவனிடமும் அவ்வாறே கேட்டோம். அவனுக்கு மூன்றே ஒத்தன. அவனுடையது கற்பனை, இவனுடையது காட்சி. இரண்டும் நன்றே, ஆயின் வேறு வேறு.

பின்னர் ஒரு ஞாயிறு மண்டைதீவில் அவன் இல்லஞ் சென்றோம். 1990இல் ஊரார் இடம்பெயர்ந்தபோது சிறுமியாயிருந்த தாயார், தேநீர் தந்தவாறே, தமக்குக் கிழமைகள் ஏழும் நிறத்தோடுதான் நினைவில் வரும் என்றார். இடம்பெயர்ந்த பள்ளிகளில் எவரிடமும் சொன்னதில்லையாம். “விசர் எண்டு சொல்லுவினம் எண்ட பயம், சேர்.” மகனிடமும் அன்றுதான் முதன்முறை சொன்னார். இருவரும் ஒருவரையொருவர் நோக்கியிருந்தனர். யாம் தேநீர்க் கோப்பையை நோக்கியிருந்தோம்.

பயிற்சி பெற்ற ஆசிரியராக வெளிவந்த காலத்தில் இத்தன்மை பற்றி ஒரு சொல்லும் யாம் கேட்டிலோம். இனி வருவோரேனும் கேட்டல் வேண்டும். வழக்கிலில்லா அடை ஒன்றைக் கண்டால், அடிக்குமுன் அழைத்து, “ஏன் இப்படி எழுதினாய்?” என ஆசிரியர் வினவட்டும். மரபு தெரியாமல் எழுதினானாயின் மரபைக் கற்பிக்கலாம். பிறர் எழுத்தைப் பார்த்து எழுதினானாயின் கண்டிக்கலாம். கண்டதை எழுதினானாயின் அவனைத் திருத்த எமக்கு உரிமையில்லை. கேட்பதற்கு அரை நிமிடமும் செல்லாது.

அப்பழைய கட்டுரையை மீண்டும் வாங்கி, குறைத்த புள்ளியைக் கூட்டி, ‘பொருந்தா அடை’ என்பதை அடித்துத் திருப்பிக் கொடுத்தோம். சிவப்பு மை தவிர வேறு மை கையில் இல்லாமற் போனதே என வருந்தியபோது அவன் சிரித்தான்.

“பறவாயில்லை, சேர். ‘சிவப்பு’ எண்ட சொல்லு எனக்குப் பச்சைதான்.”