வரட்டும்... நிபந்தனையோடு!

படிப்புக்காகப் பிள்ளைகள் விமானம் ஏறியது போக, இப்போது பல்கலைக்கழகங்களே விமானம் ஏறி வருகின்றன. ஆஸ்திரேலியாவின் டீக்கின், வொலங்காங் பல்கலைக்கழகங்கள் 2024-ல் குஜராத்தின் கிஃப்ட் சிட்டியில் கிளை திறந்தன. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன், 2025-ல் டெல்லியை ஒட்டிய குருகிராமில் வகுப்புகளைத் தொடங்கிவிட்டது. அடுத்து வரவிருக்கும் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகம், மும்பையோடு சென்னையையும் தன் திட்டத்தில் சேர்த்திருக்கிறது.

ஏன் இந்தத் திடீர்ப் பாசம்? இங்கிலாந்தில் உள்நாட்டு மாணவர்களுக்கான கட்டண உச்சவரம்பு 2017 முதல் 9,250 பவுண்டிலேயே நின்றது. 2025-ல்தான் கொஞ்சம் உயர்ந்தது. இடையில் விலைவாசி சும்மா இருக்கவில்லை. அந்தப் பள்ளத்தை நிரப்பியதில் நம் பெற்றோர் கட்டிய பணத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால், 2024 ஜனவரியில் பெரும்பாலான வெளிநாட்டு மாணவர்கள் குடும்பத்தை அழைத்துவர பிரிட்டன் தடை போட்டது. அதே மாதம் கனடா, மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பு விதித்தது. ஆஸ்திரேலியாவும் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தியது. வாடிக்கையாளர் வருவது குறைந்தால், கடையை அவர் தெருவுக்கே கொண்டுபோவதுதானே வியாபாரம்!

வியாபாரம் என்பதாலேயே முகம் சுளிக்கத் தேவையில்லை. எல்லை தாண்டிய தொழிலால் வளர்ந்த மாநிலம் தமிழ்நாடு. 1996-ல் ஹூண்டாய் இங்கே கால் பதித்தது. இரண்டே ஆண்டுகளில் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ கார் வெளியே வந்தது. அதைச் சுற்றி உதிரிபாகத் தொழில் பெருகியது. அதற்கும் முன்பே இன்னொரு கதை உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் இங்கிலாந்தில் ரேடியேட்டர் மூடி தயாரித்துவந்த இயந்திரங்களை 1990-களின் தொடக்கத்தில் சென்னையின் சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் விலைக்கு வாங்கிக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தது. உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்ன மூடிதான். அதைச் சொன்ன தரத்தில், சொன்ன தேதியில் அனுப்பி, அதே ஜெனரல் மோட்டார்ஸிடம் சிறந்த சப்ளையர் விருதைப் பலமுறை வாங்கியது நம் ஊர் நிறுவனம். பின்னாளில் சீனாவிலேயே சொந்த ஆலை கட்டியது. இயந்திரத்தோடு சேர்ந்து வித்தையும் நம் கைக்கு வந்ததால்தான் இது நடந்தது.

வருகிற பல்கலைக்கழகங்களிடம் கேட்க வேண்டியதும் இதைத்தான்: எதை இங்கே விட்டுச்செல்வீர்கள்?

இதுவரை அவர்கள் விரித்திருக்கும் படிப்புகளைப் பாருங்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ், அக்கவுண்ட்ஸ், பிசினஸ் மேனேஜ்மென்ட், சைபர் செக்யூரிட்டி, ஃபின்டெக். பெரிய ஆய்வகம் கேட்காத, உடனே விலைபோகிற படிப்புகள். (நாம் மட்டும் என்ன? சென்னை ஐ.ஐ.டி 2023-ல் தான்சானியாவின் சான்சிபார் தீவில் கிளை திறந்தபோது முதலில் தொடங்கியதும் டேட்டா சயின்ஸ்தான்!)

யு.ஜி.சி 2023 நவம்பரில் வெளியிட்ட விதிகளில் நல்லதும் இருக்கிறது. வெளிநாட்டுப் பேராசிரியர் குறைந்தது ஒரு செமஸ்டராவது இங்கே தங்கிப் பாடம் நடத்த வேண்டும். பட்டம் தாய்ப் பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே வர வேண்டும். ஆனால், யாரைச் சேர்ப்பது, எவ்வளவு வாங்குவது என்பதெல்லாம் அவர்கள் இஷ்டம். கட்டணம் ‘நியாயமாக’ இருக்க வேண்டுமாம். சவுத்தாம்ப்டனின் குருகிராம் கிளையில் இளநிலைப் படிப்புக்கே ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேல். யாருக்கு இது நியாயம்? உதவித்தொகை ‘வழங்கலாம்’ என்கிறது விதி. வழங்கியே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. இடஒதுக்கீடு கட்டாயமில்லை.

நட்சத்திர ஓட்டல்களில் நடக்கும் வெளிநாட்டுக் கல்விக் கண்காட்சிகளுக்குப் போனவர்களுக்குத் தெரியும். ஒரு கையில் மதிப்பெண் பட்டியல், மறு கையில் வீட்டுப் பத்திர நகல் என்று ஸ்டால் ஸ்டாலாக நடக்கும் அப்பாக்களை அங்கே பார்க்கலாம். கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கி பொதுவாகச் சொத்துப் பிணை கேட்கும். உள்ளூர்க் கிளையில் படித்தால் விமானச் செலவும் லண்டன் வாடகையும் மிச்சம், உண்மைதான். ஆனால், பிரிட்டனில் படித்து முடித்தவர்களுக்கு அங்கேயே வேலை தேடக் கிடைக்கும் ‘கிராஜுவேட்’ விசா, இந்தியக் கிளையில் மட்டும் படித்தவருக்குக் கிடையாது. கடனை அடைக்க அந்த வேலையைத்தான் நம்பியிருக்கிறீர்கள் என்றால், பணம் கட்டும் முன் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள்.

அனுமதி டெல்லியின் கையில் இருக்கலாம். நிலமும் சலுகையும் மாநிலத்தின் கையில் இருக்கின்றன. தொழிற்சாலை வரும்போது எத்தனை கோடி முதலீடு, எத்தனை பேருக்கு வேலை என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குகிறோம். பல்கலைக்கழகத்திடம் மட்டும் ஏன் கூச்சம்? பொறியியல் படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவிகித இடத்தை 2021-ல் சட்டமாக்கிய மாநிலம் இது. சலுகை கேட்டு வரும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களிடமும் அந்தப் பிள்ளைகளுக்கு முழு உதவித்தொகையுடன் இடம் கேட்க வேண்டும். ஆய்வகம், உள்ளூர்க் கல்லூரிகளோடு கூட்டு ஆராய்ச்சி, நம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி எல்லாம் எழுத்தில் வர வேண்டும். சென்னையில் முதல் கிளைக்கு ரிப்பன் வெட்டும் முன்பே தமிழக அரசு இந்த நிபந்தனைகளை அறிவிக்கட்டும்!