திறமைக் குறைவு யாரிடம்?

மைசூருவில் பழைய கட்டடங்கள் விழுவதற்கும் கொத்தனார் கூலி உயராமல் கிடப்பதற்கும் ஒரே காரணம் தொழிலாளியின் திறமைக் குறைவு என்றும், கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் தூங்கும் பணத்தை எடுத்துப் பயிற்சி கொடுத்துச் சான்றிதழை நீட்டிவிட்டால் இரண்டும் தீரும் என்றும் எழுதியிருக்கிறார் கட்டுமானத் தொழிலதிபர் ஒருவர். உள்ளக்கிடக்கையை இத்தனை வெள்ளந்தியாக வெளியிட்டதற்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

முதல் சாட்சியாக லான்ஸ்டவுன் கட்டடத்தை இழுக்கிறார். 2012 ஆகஸ்டில் அதன் ஒரு பகுதி சரிந்து நான்கு பேர் செத்தார்கள். 2016 ஆகஸ்டில் தேவராஜ மார்க்கெட்டின் வடக்குப் பக்கம் விழுந்தது. சுண்ணாம்புக் காரை தெரிந்த ஆட்கள் அற்றுப்போனதால் வந்த வினையாம். நூறு வருஷம் தாண்டி நின்ற சுவரை ஒழுங்காகப் பராமரிக்காமல் விட்டது கொத்தனாரா? வேடிக்கை இதோடு முடியவில்லை. இவ்விரண்டையும் இடித்துப் புதிதாகக் கட்ட வேண்டும் என்று கொடி பிடிப்பவரும் இவரேதான். மிச்சமிருக்கும் சுண்ணாம்பு வேலையையும் ஒழித்துவிட்டுச் சுண்ணாம்புக் கொத்தனார் எங்கே என்று ஒப்பாரி வைப்பது எந்தத் தர்க்க சாஸ்திரத்தில் சேர்த்தி? அவ்விரண்டையும் செப்பனிட முன்வந்திருந்தால் அதைவிட நல்ல பயிற்சிக்கூடம் இந்த ஊருக்கு வாய்த்திருக்குமா?

மரபு அறுந்தது என்பதற்குப் பழைய கட்டடக்கலை நூலான மயமதத்தைத் துணைக்கழைக்கிறார். புரட்டிப் பார்த்துவிட்டு அழைத்திருக்கலாம். ஸ்தபதிக்கு அடுத்து நிற்கும் சூத்ரகிராகி அவருடைய மகன் அல்லது மாணவன் என்கிறது அந்நூல். அதாவது வேலை நடக்கும் இடத்திலேயே, வேலை தெரிந்தவன் பக்கத்தில் நின்று கற்றவன். 1897இல் பழைய அரண்மனை எரிந்தபின் ஹென்றி இர்வின் வரைபடத்தின்படி 1912இல் முடிந்த அரண்மனையையும், 1911இல் தொடங்கிச் சுர்க்கிக் காரையில் எழுப்பிய கண்ணம்பாடி அணையையும் கட்டியவர்கள் எந்த மையத்தில் சில நாள் வகுப்பு முடித்து அட்டை வாங்கி வந்தார்கள்?

இனி பணத்துக்கு வருவோம். கட்டுரையின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது. கட்டுமானச் செலவில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் வரை வசூலிக்கச் சொன்ன 1996ஆம் ஆண்டுச் சட்டங்கள், அந்தப் பணம் விபத்து உதவிக்கு, அறுபது வயதுக்குப் பின் ஓய்வூதியத்துக்கு, வைத்தியத்துக்கு, பிள்ளைகள் படிப்புக்கு, பிரசவத்துக்கு என்று பட்டியலே போட்டன. பயிற்சி அதில் பெயரோடு இருக்கவில்லை; ‘பிற நலத்திட்டங்கள்’ என்ற புழக்கடை வழியாகத்தான் உள்ளே வர வேண்டியிருந்தது. 37,400 கோடிக்கு மேல் வசூலாகியும் சுமார் 9,500 கோடியே செலவாகியிருக்கிறது என்று உச்ச நீதிமன்றம் 2018இல் கடிந்துகொண்டதே, அந்த மிச்சத்தின் மேல்தான் கண். தன் சைட்டுக்கு வேண்டிய ஆளைத் தயாரிக்கத் தன் பெட்டியைத் திறக்காமல், சாரத்திலிருந்து விழுந்தவனின் வைத்தியப் பணத்தை எடுக்கச் சொல்பவருக்குத் தொழிலாளர் நலன் என்ற சொல் வாயில் எப்படி நுழைகிறது?

சான்றிதழ் வந்தால் கூலி கூடும் என்கிறாரே, எவ்வளவு கூட்டித் தருவார்? கட்டுரை முழுக்கத் தேடினேன், ஒரு ரூபாய்க் கணக்குகூட இல்லை. தூக்குக்குண்டு இல்லாமல் கண்பார்வையிலேயே கோணலைச் சொல்லும் மேஸ்திரிக்கு இன்று கொடுக்காத கூலியை, நாளை அவர் பிளாஸ்டிக் அட்டை நீட்டினால் கொடுப்பாராம்!

பயிற்சியே வேண்டாம் என்று நான் சொல்வதாகத் திரித்துவிட வேண்டாம். வருஷக்கணக்காகப் பாண்டு சுமந்தும் சித்தாளாகவே நின்றுவிடும் பெண்களின் கையில் கரணையைக் கொடுப்பதுதான் பயிற்சியின் முதல் வேலை. அவர்களைப் பற்றி அவர் கட்டுரையில் ஒரு வரி உண்டா?

பழகுநரைச் சேர்த்து உதவித்தொகை கொடுத்துக் கற்பிக்கும் பொறுப்பை 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் முதலாளியிடம்தான் வைத்தது. அதன்படி தன் சைட்டுகளில் எத்தனை பேரைச் சேர்த்தார், மாதம் என்ன கொடுத்தார் என்று அடுத்த கட்டுரையில் அவர் கணக்குக் காட்டட்டும். வாரியப் பணத்தைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.