மோப்ப நாயும் மருத்துவர் மேசையும்

குவாலியரை அடுத்த டேகன்பூரில் எல்லைப் பாதுகாப்புப் படையின் நாய்ப் பயிற்சி மையம் இயங்கி வருகிறது. இத்தகைய பணிக்கு விரும்பப்படும் பெல்ஜியன் மாலினாய்ஸ் இனம் ஊக்கம் மிக்கது. சிறு ஒலிக்கும் தொடுகைக்கும் துணுக்குறுவதும் அதன் இயல்பே. காட்டில் அஞ்சாத நாய் ஊசியைக் கண்டு சீறினால், அதனை முரட்டுத்தனம் எனக் கொள்வது பிழையாகும்.

நால்வர் கூடி அமுக்கிப் பிடித்தால் ஊசி ஒரு நிமிடத்தில் முடியும், அச்சமோ நிலைத்துவிடும். ஒலியைத் தொடர்ந்து உணவு வரின், ஒலி கேட்டதுமே நாய்க்கு உமிழ்நீர் ஊறும் என்பதைப் பாவ்லாவ் காட்டினார். மருந்தின் வாடையைத் தொடர்ந்து வலியே வருமாயின், வாடையே அச்சமாகிவிடுமன்றோ?

ஆகவே, நாள்தோறும் சில நிமிடம் காது, வாய், பாதம் ஆகியவற்றை மெல்லத் தொட்டு, உடனே உணவு அளித்தல் வேண்டும். நாய் முகம் திருப்பினாலோ, வாலை ஒடுக்கினாலோ நிறுத்திவிடுக. வாய்க்கூடையையும் உணவோடு பழக்குக. சிகிச்சை இல்லாத நாளிலும் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, மகிழ்வுடன் திரும்புக.

அவசர வேளையில் பிடித்து நிறுத்துவது தவிர்க்க இயலாததே. ஆயினும் தொட இடங்கொடாத நாயின் புண் மறைந்தே வளரும். வெறிநோய்த் தடுப்பூசியும் தள்ளிப்போகும். மோப்பப் பயிற்சிக்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு பகுதி இதற்கும் உரியது என்பதே என் கருத்து. களப் பணியாளர் இதனைக் கடைப்பிடிப்பாராக. வீட்டு நாயின் அச்சக் குறிகளை அறிந்து விலகி நிற்க ஆசிரியர்கள் மாணவர்க்குக் கற்பிப்பாராக.