கதவில் ஒட்டிய சம்மன்

ஆய்வுக்காக சிவில் வழக்குக் கட்டுகளைப் புரட்டும்போது நான் நின்றுவிடுகிற வரி இது: ‘வீடு பூட்டியிருந்தது, கதவில் ஒட்டப்பட்டது.’ சேரிக் குடும்பம் ஆறு மாதம் செங்கல் சூளையில் இருக்கும். வழக்குப் போட்ட ஊர்த்தெருக்காரருக்கு அது தெரியாதா என்ன? பிரதிவாதி வரவில்லை, எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு. அமீனா நிலத்தில் வந்து நிற்கும்போதுதான் விஷயமே தெரிகிறது.

அந்தத் தீர்ப்பை ரத்துசெய்யக் கேட்க 30 நாள். சம்மன் முறையாகச் சேரவில்லையென்றால், தீர்ப்பு தெரியவந்த நாளிலிருந்துதான் அந்த 30 நாள். இதை நம் ஆட்களுக்கு யாரும் சொல்வதில்லை. மேல்முறையீட்டுக்கும் உரிமை உண்டு. ஆனால் அவசரப்பட்டு அதை மட்டும் போட்டு, அது தள்ளுபடியானால், ரத்து மனுவின் வழியும் அடைபட்டுவிடும்.

நாள் தாண்டிவிட்டால் தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம். 1998இல், தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 883 நாள் தாமதத்தை மன்னித்தது. எத்தனை நாள் என்பதல்ல, சொல்லும் காரணம் ஏற்கத்தக்கதா என்பதே கேள்வி என்றது. அப்படியிருந்தும் கூலிக்குப் போனவரிடம் அத்தாட்சி கேட்கிறார்கள். முன்பணம் கொடுத்து ஆள் பிடிக்கிற சூளை முதலாளி, ‘இவர் என்னிடம்தான் இருந்தார்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாரா?