மரபணு தலைவிதியா?



"அது அவர்கள் ஜீனிலேயே இருக்கிறது, நாம் என்ன செய்ய முடியும்?" என்று பலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். முன்பு தலையெழுத்து என்றோம். இப்போது மரபணு என்கிறோம். சொல்தான் மாறியிருக்கிறது. இந்த எண்ணம் தவறானது மட்டுமன்று, தீங்கானதும்கூட என்பது என் கருத்து. நான் இயற்பியல் கற்பிப்பவன். ஆகவே எனக்குப் பழக்கமான ஒரு குழாயிலிருந்து தொடங்குகிறேன்.

குழாய் ஒன்றில் நீர் சீராகப் பாய்கிறது. அழுத்தத்தை மாற்றாமல், குழாயின் ஆரத்தை மட்டும் பாதியாக்கினால் பாயும் நீர் எவ்வளவு குறையும்? சிலர் பாதி என்பீர்கள். சிலர் கால் பங்கு என்பீர்கள். உண்மையில் பதினாறில் ஒரு பங்குதான் பாயும். ஏனெனில் பாய்வு, ஆரத்தின் நான்காம் அடுக்கிற்கு நேர் விகிதத்தில் உள்ளது. இந்த விதியை 1840-களில் வெளியிட்ட புவாசேய் ஒரு பிரெஞ்சு மருத்துவர். நுண்ணிய நாளங்களில் இரத்தம் ஓடும் விதத்தை அறியவே அவர் மெல்லிய கண்ணாடிக் குழாய்களைக் கொண்டு சோதனைகள் செய்தார்.

இனி நுரையீரலுக்கு வருவோம். அதன் தமனியில், ஓய்வாக இருக்கும்போது சராசரி அழுத்தம் சுமார் 14 மி.மீ. பாதரசம். அது 20-ஐத் தாண்டினால் உயர் அழுத்தம் என்கிறார்கள் மருத்துவர்கள். ஸ்கிளிரோடெர்மா என்றொரு நோய் உண்டு. உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்பு மண்டலமே உடலைத் தாக்கும் நோய்களுள் இதுவும் ஒன்று. ஆண்களைவிடப் பெண்களையே மிகுதியாகப் பற்றுவது. தோல் தடித்து இறுகும். குளிர் பட்டால் விரல்கள் வெளுக்கும். இந்நோயாளிகளில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு நுரையீரலின் சிறு தமனிகளும் குறுகிவிடுகின்றன. படியேறினால் மூச்சு வாங்கும். குறுகிய குழாய்களில் இரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயத்தின் வலப்புறம் களைத்துப் போகும். கவனியாது விட்டால் உயிருக்கே ஆபத்து.

குழாய் ஏன் குறுகுகிறது? நாளத்தின் உட்புறத்தை எண்டோதீலியம் என்னும் ஒற்றை அடுக்குச் செல்கள் மூடியுள்ளன. இதை வெறும் பூச்சு என்று எண்ணிவிடாதீர்கள். நைட்ரிக் ஆக்சைடை வெளியிட்டு நாளத்தைத் தளர்த்துவதும் இச்செல்களே. 1988-ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர்கள் கண்டறிந்த எண்டோதீலினைச் சுரந்து நாளத்தைச் சுருக்குவதும் இச்செல்களே. இந்தச் சமநிலை, அவற்றினுள் எந்த மரபணுக்கள் விழித்துள்ளன, எவை உறங்குகின்றன என்பதைப் பொறுத்தது. கண்ணின் செல்லிலும் நாளத்தின் செல்லிலும் இருப்பது ஒரே நூல்தான். திறந்து படிக்கப்படும் பக்கங்களே வேறு.

பி.எம்.பி.ஆர்.2 என்னும் மரபணுவைப் பாருங்கள். நாளச் செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகாதபடி காப்பதில் இதற்குப் பங்கு உண்டு. சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வரும் நுரையீரல் தமனி உயர் அழுத்தத்திற்கு இம்மரபணுவில் உள்ள பிழை காரணம் என்பது 2000-ஆம் ஆண்டில் தெரியவந்தது. ஆனால் அப்பிழையுடன் பிறப்போரில் பெரும்பாலோர் நோயின்றியே வாழ்கிறார்கள்! பிழை இருந்தும் நோய் வரவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஸ்கிளிரோடெர்மா நோயாளிகளிடம் இம்மரபணுவில் பெரும்பாலும் பிழை காணப்படுவதில்லை. எனினும், அவர்கள் தோலின் நுண்நாளங்களிலிருந்து எடுத்த எண்டோதீலியச் செல்களில் அது அடங்கிக் கிடப்பதை 2013-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. மரபணுவின் தொடக்கப் பகுதியில் மெதில் தொகுதிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. எழுத்து கெடவில்லை, பக்கம் ஒட்டிப்போயிருந்தது. ஆய்வுக்கூடத்தில் அந்த ஒட்டுகளை நீக்கும் வேதிப்பொருள்களை இட்டதும் மரபணு மீண்டும் விழித்தது.

அப்படியானால் மரபணுப் பிழைகள் அற்பமானவையா? அல்ல. ஹீமோஃபிலியா போன்ற நோய்களில் எழுத்துப் பிழையே முதற்காரணம். கண்ணாடித் தட்டில் நடந்தது மனித உடலில் அப்படியே நடந்துவிடும் என்றும் கொள்ளலாகாது. "எங்கள் மருந்துப் பொடி மரபணுவைத் திருத்தும்" என்று விளம்பரம் செய்வோரையும் நம்ப வேண்டா. நான் சொல்வது இவ்வளவே: எழுத்து ஒன்று, அதைத் திறப்பதும் மூடுவதும் வேறொன்று. பின்னதில் நாம் தலையிட முடியும். எண்டோதீலினின் செயலைத் தடுக்கும் போசென்டான் 2001-ஆம் ஆண்டிலேயே மருந்தாக வந்துவிட்டது. பி.எம்.பி.ஆர்.2 பாதைக்கு எதிராகச் செயல்படும் செய்திப் புரதங்களைப் பிடித்து வைக்கும் சோடாடெர்செப்ட் 2024-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இவை நோயை அடியோடு நீக்குவன அல்ல. ஆனால் ஓர் எழுத்தையும் திருத்தாமலே நோயாளியின் மூச்சை எளிதாக்குவன. எல்லாம் தலைவிதி என்று இருந்திருந்தால் இவற்றை யார் தேடியிருப்பார்கள்?

மெண்டலின் பட்டாணிச் செடிகளோடு நம் மரபியல் அறிவு நின்றுவிடக்கூடாது. இனி யாரேனும் "ஜீனில் இருக்கிறது" என்றால், "எந்தச் செல்லில்? எப்போது விழித்தது? எது அதை விழிக்கச் செய்தது?" என்று கேளுங்கள். குளிரில் விரல் வெளுக்கும் எல்லோருக்கும் இந்நோய் இருப்பதில்லை. ஆயினும் உங்கள் வீட்டில் அம்மாவோ அத்தையோ விரல் வெளுத்து, தோல் இறுகி, படியேற மூச்சு வாங்குகிறது என்று சொன்னால், "வயதானால் அப்படித்தான்" என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஆரம் சிறிதே குறைந்தாலும் பாய்வு பெரிதும் குறையும் என்பதை இப்போது நீங்கள் அறிவீர்கள் அல்லவா?