சிரைவழிக் கொழுப்பூட்டம்: தில்லி கவனிக்குமா?

புது தில்லி: கர்நாடக மாநிலம் பெல்லாரியில் 2024 நவம்பரில் அறுவைப் பிரசவத்துக்குப் பின் ஐந்து தாய்மார்கள் உயிரிழந்தபோது, சந்தேகம் அவர்களுக்கு ஏற்றப்பட்ட ரிங்கர் லாக்டேட் திரவத்தின் மீது விழுந்தது. மாநில ஆய்வகம் தரமற்றவை என்று ஒதுக்கிய தொகுதிகள் சிலவற்றுக்கு மத்திய ஆய்வகம் முன்னரே தரச்சான்று அளித்திருந்தது. மருந்துகள் சட்டப்படி மத்திய ஆய்வக முடிவே அறுதியானது. விளைவு, பழிபோடும் படலம்.

தண்ணீர்போல் தெளிந்த திரவத்துக்கே இந்நிலை. குறைமாதக் குழந்தைகளுக்கும் உணவு உட்கொள்ள இயலாதோருக்கும் சிரைவழி ஏற்றப்படும் கொழுப்புப் பால்மத்தின் கதி என்ன? ஸ்வீடனில் 1962-ல் புழக்கத்துக்கு வந்த சோயா எண்ணெய்ப் பால்மம் எண்ணற்ற உயிர்களைக் காத்துள்ளது, மறுப்பதற்கில்லை. ஆனால், அதன் வெண்மையே ஆபத்தை மறைக்கும் திரை. ஊட்டப்பையில் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து படிந்தால் கண்ணுக்குத் தெரியாது. நுரையீரல் நாளங்களை அடைத்துவிடும். அமெரிக்காவில் இவ்வாறு இருவர் இறந்ததையடுத்து, கொழுப்பு கலந்த ஊட்டத்துக்கு 1.2 மைக்ரான் வடிகட்டி பொருத்துமாறு 1994-ல் அந்நாட்டு மருந்து நிர்வாகம் அறிவுறுத்தியது. 2011-ல் அலபாமாவில் ஊட்டத்திரவத்தில் புகுந்த செராஷியா கிருமி 19 பேரைத் தாக்கியது. ஒன்பது பேர் மாண்டனர். அங்கும் கோளாறு நேர்ந்தது கலவைக்கூடத்தில்தான்.

பெல்லாரி விவகாரத்தில் இரு அரசுகளும் வாதிட்டது ஆலைச் சரக்கின் தரம் பற்றியே. படிவோ, ஆலையில் சோதித்த பால்மத்தை உப்புகளுடன் மருத்துவமனையில் கலக்கும்போது உருவாவது. அதை எந்த ஆய்வகச் சான்றும் தடுக்காது. ஆய்வகச் சண்டையைச் சற்றே ஒத்திவைத்து, அரசு மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளுக்கு வடிகட்டிகளையாவது மத்திய சுகாதார அமைச்சகம் முதலில் கட்டாயமாக்கலாம்.