கோப்பை கழுவியவர்களின் பிள்ளைகள் கப்பலில் ரிப்ஸை வெட்டலாமா?

கப்பலில் சாப்பாடு இலவசம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தச் சாப்பாட்டின் விலையில் ஒரு பகுதியை ரிக்கற் எடுக்கும்போது கட்டுகிறீர்கள். இன்னொரு பகுதியைக் கப்பலில் ஏறிய பிறகு கட்டுகிறீர்கள். மிச்சத்தைக் கட்டுகிறவர் உங்களுக்குப் பரிமாறுகிறவர். அவர் அதைத் தன்னுடைய நேரத்தாலும் தூக்கத்தாலும் கட்டுகிறார்.

இந்த மூன்றாவது பகுதியைப் பற்றித்தான் இன்றைக்கு எழுத வேண்டியிருக்கிறது. ஏனென்றால் எங்கள் ஆட்களுக்குள் ஒரு பழக்கம் வந்திருக்கிறது. கப்பலில் ஏறி, பெட்டியை அறையில் வைத்ததும், நேரே விருந்தினர் சேவை மேசைக்குப் போய், கணக்கில் தானாகச் சேரும் ரிப்ஸை எடுத்துவிடச் சொல்வது. "இப்படிச் செய்தால் ஐந்நூறு டொலர் மிச்சம்" என்று குடும்ப வட்ஸ்அப் குழுவில் ஒரு மாமா போடுவார். கீழே பத்துப் பேர் கைதட்டுவார்கள். அதைக் கெட்டித்தனம் என்று நினைக்கிறார்கள். எனக்கு அது வெட்கக்கேடாகத் தெரிகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் சாப்பாட்டைப் பற்றி நியாயமாகப் பேசிவிடுவோம். கரீபியன் பக்கம் போகும் பெரிய கப்பல்களில் சாப்பாடு மோசம் என்று நான் சொல்லமாட்டேன். காலையில் பஃபேயில் முட்டை, பான்கேக், பழம், பத்து வகைப் பாண். மத்தியானம் பீட்சாவும் பர்கரும். இரவில் பிரதான உணவு மண்டபத்தில் மேசைவிரிப்புப் போட்டு, சூப்பிலிருந்து இனிப்புவரை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைப்பார்கள். பஃபேயின் ஒரு மூலையில் சோறும் பருப்பும் ஒரு கறியும் இருக்கும். அந்தக் கறியில் உறைப்பு இருக்காது. அதனால்தான் எங்கள் பெரியம்மாமார் கைப்பையில் மிளகாய்த்தூளும் ஊறுகாயும் இல்லாமல் கப்பல் ஏறுவதில்லை.

ஆனால் மெனுவில் இல்லாத ஒன்று இருக்கிறது. பல கப்பல்களில், உணவு மண்டபத்தின் தலைமை வெயிட்டரிடம் முதல் நாளே சொல்லிவைத்தால், அடுத்த நாள் இரவு உங்களுக்கென்று இந்தியச் சைவச் சாப்பாடு சமைத்துத் தருவார்கள். மேலதிகக் காசு கேட்பதில்லை. நான் போன கப்பலில் அப்படி வந்த கத்தரிக்காய்க் கறிதான் அந்த வாரம் முழுவதும் சாப்பிட்டதில் நல்லது. கொம்பனியின் விளம்பரத்தில் அந்தக் கறி இல்லை. யாரோ ஒரு சமையல்காரர், ஆயிரக்கணக்கான பேருக்குச் சமைக்கும் நெரிசலுக்குள், எட்டுப் பேருக்குத் தனியாக ஒரு சட்டி வைத்தார். அவருடைய முகத்தை நாங்கள் பார்க்கவே இல்லை.

இனிக் குடிவகைக்கு வருவோம். கொம்பனிகள் காசு பார்க்கும் இடங்களில் இது ஒன்று. தண்ணீர், தேத்தண்ணீர், சாதாரண கோப்பி, எலுமிச்சைச் சாறு போன்றவை ரிக்கற்றுக்குள் அடங்கும். பெரும்பாலான பெரிய கொம்பனிகளில் ஒரு சோடாவுக்குக்கூடத் தனிக் காசு. அதனால் "குடிவகைப் பொதி" என்று ஒன்றை விற்கிறார்கள். நாளுக்கு இவ்வளவு கட்டினால் வேண்டியதைக் குடிக்கலாம். ஆனால் விதிகளை வாசியுங்கள். கார்னிவல் கொம்பனியின் பொதியில் 24 மணி நேரத்துக்கு 15 மதுபானங்கள்தான் எல்லை. ஓர் அறையில் ஒருவர் மதுப்பொதி வாங்கினால், அதே அறையில் குடிக்கும் வயதுடைய மற்றவர்களும் வாங்க வேண்டும் என்பது பல கொம்பனிகளின் விதி. அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து புறப்படும் கப்பல்களில் அந்த வயது பொதுவாக 21. அப்பா விஸ்கி குடிக்க ஆசைப்பட்டால், தேத்தண்ணீர் மட்டுமே குடிக்கும் அம்மாவுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டிவரலாம். நீங்கள் 21 வயதாகி அவர்களோடு ஒரே அறையில் தங்கினால் உங்களுக்கும்தான்.

ஓர் உதாரணக் கணக்குப் பாருங்கள். பொதி ஆளுக்கு நாளுக்கு 80 டொலர் என்று வைப்போம். இரண்டு பேர், ஏழு நாள்: 1,120 டொலர். அதற்கு மேல் 18 வீதம் சேவைக் கட்டணம்: 201 டொலர் 60 சதம். மொத்தம் 1,321 டொலர் 60 சதம். இந்த 18 வீதம் குடிவகையின் விலையோடு ஒட்டியே வருகிறது. அதை எடுத்துவிடச் சொல்லி எந்த மாமாவும் வரிசையில் நிற்பதில்லை.

அவர் வரிசையில் நிற்பது மற்றதுக்கு. பெரிய கொம்பனிகளில் சாதாரண அறைக்கு, ஆளுக்கு நாளுக்கு ஏறத்தாழ 16 முதல் 20 அமெரிக்க டொலர் ரிப்ஸாகக் கணக்கில் சேரும். 18 என்று எடுத்தால், நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு ஏழு நாளைக்கு 504 டொலர். பெரிய தொகைதான். ஆனால் ஆளுக்கு நாளுக்கு என்று பிரித்தால், அதே கப்பலில் விற்கும் ஒரு கொக்டெயிலின் விலையைவிடச் சற்றுத்தான் கூட. அந்தக் காசுக்குள் உங்கள் கட்டிலை விரித்தவர், துவாயில் யானை மடித்து வைத்தவர், இரவுச் சாப்பாட்டைப் பரிமாறியவர் எல்லாரும் அடங்குகிறார்கள். திரைக்குப் பின்னால் வேலை செய்பவர்களுக்கும் அதிலிருந்து போகிறது என்று பல கொம்பனிகளே எழுதியிருக்கின்றன.

"சம்பளம் கொடுப்பது கொம்பனியின் வேலை, என்னுடைய வேலை இல்லை" என்று நீங்கள் சொல்லலாம். சரியான பேச்சு. அப்படியானால் கொம்பனி எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். நோர்வீஜியன் குரூஸ் லைன் என்று ஒரு கொம்பனி. பெயர் நோர்வே. தலைமையகம் மியாமி. தாய்க் கொம்பனியின் பதிவு பெர்முடாவில். பெரும்பாலான கப்பல்களில் பறப்பது பஹாமாஸ் கொடி. ரோயல் கரீபியனின் தலைமையகமும் மியாமிதான். ஆனால் கொம்பனி பதிவாகியிருப்பது லைபீரியாவில். கப்பலுக்குள் எந்த நாட்டுத் தொழிற்சட்டம் செல்லும் என்பதை முதன்மையாகத் தீர்மானிப்பது கொடி. நீங்கள் ஃபுளோரிடாவில் ஏறினாலும் உங்களுக்குப் பரிமாறுகிறவருக்கு ஃபுளோரிடாவின் குறைந்தபட்சச் சம்பளம் கிடையாது.

அவர்களுக்கு உள்ள பாதுகாப்பு, 2006இல் நிறைவேற்றப்பட்டு 2013 ஓகஸ்டில் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை. அது நல்ல விஷயம். ஆனால் அதன் எல்லைகளைப் பாருங்கள். ஒரு நாடு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்: வாரத்துக்கு அதிகபட்சம் 72 மணி நேர வேலை, அல்லது வாரத்துக்குக் குறைந்தது 77 மணி நேர ஓய்வு. வாரத்துக்கு 168 மணி நேரம். 77ஐக் கழித்தால் 91. வாரத்துக்கு 91 மணி நேரம் வேலை வாங்கினாலும் இரண்டாவது விதி மீறப்படுவதில்லை. ஒன்ராறியோவில் உங்கள் பகுதிநேர வேலையில் பொதுவாக 44 மணி நேரத்தைத் தாண்டினாலே மேலதிக நேரச் சம்பளம் கேட்பீர்கள். சம்பளத்தில், சர்வதேச அளவில் ஒத்துக்கொண்ட குறைந்தபட்ச எண் ஒன்றுதான் இருக்கிறது. அதுவும் தேர்ச்சிபெற்ற மாலுமிக்கு. 2025இல் அது மாதத்துக்கு 673 அமெரிக்க டொலர் அடிப்படைச் சம்பளமாக இருந்தது. அது வெயிட்டருக்கான எண் இல்லை.

ஆகவே ரிப்ஸை வெட்டும்போது நீங்கள் மியாமியில் இருக்கும் ஒரு முதலாளியைத் தண்டிப்பதில்லை. அவருக்கு உங்கள் ரிக்கற் காசு ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டது. அடி விழுவது ஆறு மாதம், எட்டு மாதம் வீட்டைப் பார்க்காமல் நிற்கும் ஒரு பிலிப்பைன்ஸ்காரருக்கு, ஓர் இந்தோனேசியருக்கு, கோவாவிலிருந்தோ கேரளத்திலிருந்தோ வந்த ஒருவருக்கு.

"எனக்குப் பிடித்தவருக்குக் கையில் கொடுக்கிறேன்" என்பது அடுத்த பதில். கொடுங்கள், நல்லது. ஆனால் கையில் கொடுப்பது நீங்கள் கண்ணால் பார்க்கிறவருக்குத்தான் போகும். கீழ்த்தட்டில் உங்கள் தட்டைக் கழுவுகிறவர் உங்கள் கண்ணில் படமாட்டார். அந்தக் கத்தரிக்காய்க் கறி வைத்தவரும் படமாட்டார்.

"அவர்களுடைய ஊரில் இது பெரிய காசு" என்பது மூன்றாவது பதில். இதைக் கேட்கும்போது எனக்குக் கோபம் வரும். இதே வசனத்தை எங்கள் அப்பா அம்மாமாரைப் பற்றி மற்றவர்கள் சொல்லியிருக்கிறார்கள். சூரிச்சிலும் பாரிசிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்து இறங்கிய எங்கள் ஆட்களில் எத்தனை பேருக்கு முதல் வேலை உணவகக் குசினியில் கோப்பை கழுவுவது! "கோப்பை கழுவினேன்" என்ற சொல் எங்கள் புலம்பெயர் தமிழில் ஒரு தலைமுறையின் வாழ்க்கைக்கே பெயராகிவிட்டது. வீட்டு விருந்துகளில் அதைப் பெருமையாகச் சொல்கிறார்கள்: கை வெடித்தது, முதலாளி ஏசினான், அந்தக் காசில்தான் தம்பியைக் கூப்பிட்டேன், தங்கச்சியைக் கட்டிக் கொடுத்தேன். அந்தக் கதையை வாயில் வைத்துக்கொண்டு, கப்பலில் கோப்பை கழுவுகிறவரின் பங்கை வெட்டுவது எப்படிச் சரியாகும்?

கப்பலில் வேலை செய்கிறவர்களுக்கும் எங்களுக்கும் தொடர்பே இல்லை என்றும் நினைக்காதீர்கள். 2020 பெப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமாவில் டயமண்ட் பிரின்சஸ் கப்பல் கொரோனாவால் தனிமைப்படுத்தப்பட்டது. அதில் இருந்தவர்கள் 3,711 பேர். அவர்களில் 1,045 பேர் பணியாளர்கள். பயணிகளை அறைக்குள்ளேயே இருக்கச் சொன்னார்கள். அப்படியானால் அவர்களுக்குச் சாப்பாட்டைச் சமைத்தது யார்? கதவடிக்குக் கொண்டுபோனது யார்? அறைகளைப் பகிர்ந்து, ஒன்றாக இருந்து சாப்பிட்டு வேலை செய்த அதே பணியாளர்கள்தான். கப்பலில் இருந்த 138 இந்தியர்களில் 132 பேர் பணியாளர்கள், 6 பேர்தான் பயணிகள். அந்தப் பணியாளர்களுக்குள் தமிழ்நாட்டுத் தமிழரும் இருந்தார்கள். கப்பலில் எழுநூறுக்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று வந்தது. "சேவை" என்று நாங்கள் இலேசாகச் சொல்லும் சொல்லுக்குள் அந்த நாட்களும் இருக்கின்றன.

கப்பலில் போகவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அம்மா அப்பாவின் 25ஆவது திருமண நாளுக்கு நாலு நாட்டுச் சொந்தக்காரர் ஓரிடத்தில் கூட வேண்டும் என்றால், சமையல் யார், கழுவுவது யார் என்ற சண்டை இல்லாமல் ஒரு வாரம் ஒன்றாக இருக்கக் கப்பலைப்போல வசதியான இடம் குறைவு. அம்மா ஒரு வாரம் அடுப்படிக்குப் போகாமல் இருப்பதே பெரிய விஷயம். அம்மாவின் இடத்தில் அந்த ஒரு வாரம் யார் நிற்கிறார்கள் என்பதை மட்டும் மறக்கவேண்டாம்.

இந்த முறையை மாற்றவே முடியாது என்றும் சொல்லமுடியாது. பிரிட்டனின் பி அண்ட் ஓ குரூசஸ் 2019இல் தனி ரிப்ஸை நிறுத்தி அதை ரிக்கற் விலைக்குள் சேர்த்தது. ஒன்ராறியோவில் மதுபானம் பரிமாறுகிறவர்களுக்கென்று ஒரு குறைந்த சம்பளம் சட்டத்திலேயே இருந்தது. "அவர்களுக்குத்தான் ரிப்ஸ் கிடைக்குதே" என்பதுதான் அதற்குச் சொன்ன காரணம். 2022 ஜனவரியில் அந்தக் குறைந்த சம்பளத்தை எடுத்துவிட்டார்கள். உணவகங்கள் பூட்டுப்பட்டுப் போகவில்லை. விலையை நேர்மையாக எழுதலாம். கொம்பனிகள் அதைச் செய்யாமல் இருப்பதற்குக் காரணம், விளம்பரத்தில் சின்ன எண் அழகாகத் தெரியும் என்பதுதான். அந்தச் சின்ன எண்ணைப் பார்த்து மயங்கி, பிறகு வெயிட்டரின் பங்கில் கைவைப்பவர்கள் நாங்கள் ஆகக்கூடாது.

ஆகவே உங்கள் வீட்டில் இங்கிலிஷ் வாசித்துக் கணக்குப் பார்த்துக் கப்பல் பதிவு செய்கிற ஆள் நீங்கள் என்றால், இவற்றைச் செய்யுங்கள். பெரும்பாலும் அது நீங்கள்தான்.

பதிவு செய்யும்போதே ரிப்ஸையும் சேர்த்து மொத்த விலையை வீட்டுக்குச் சொல்லுங்கள். அது கட்டாது என்றால் சின்ன அறை எடுங்கள், ஒரு நாள் குறைவாகப் போங்கள். குடிவகைப் பொதியை வாங்கமுதல், உண்மையில் எத்தனை பேர் எவ்வளவு குடிப்பார்கள் என்று எண்ணுங்கள். அதை விட்டாலே பல குடும்பங்களுக்கு ரிப்ஸுக்கான காசு மிஞ்சும். கப்பல் கொம்பனி அனுப்பும் கருத்துப் படிவத்தில் உங்களைக் கவனித்தவர்களின் பெயரை எழுதுங்கள். அதே படிவத்தில், ரிப்ஸை நம்பிச் சம்பளம் கொடுக்கும் முறை பிடிக்கவில்லை என்றும் எழுதுங்கள். கோபத்தைக் காட்டவேண்டிய இடம் அதுதான்.

அடுத்த முறை மாமா வட்ஸ்அப்பில் "ஐந்நூறு டொலர் மிச்சம்" என்று போட்டால், கைதட்டும் படத்தைப் போடாதீர்கள். மரியாதையாக ஒரு கேள்வி கேளுங்கள்: "மாமா, நீங்கள் முதன்முதலில் கோப்பை கழுவின இடத்தில் ரிப்ஸில உங்களுக்கும் பங்கு தந்தவையோ?"